அடியும் இல்லை, கல்யாணமும் இல்லை

"அடியும் படல, கல்யாணமும் கூடி வரல. பெறகு எதுக்குத்தா நிப்பாட்டுற? சும்மா யாராவது நிப்பாட்டுவாகளா?"

முருகன் மாமா இதைக் கேட்டது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே, வண்டியில் சாவியைப் போட்டுக்கொண்டே. அவர் என் அம்மாவின் தம்பி. சென்னையிலிருந்து வந்து விடியற்காலையில் இறங்கிய என்னை ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தார். பையை வாங்கி முன்னால் வைத்தார். அவர் டீ வாங்கிக் கொடுக்கும்வரை பொறுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மாமா, நான் நீச்சலை விட்டுட்டேன். இனிமே போட்டிக்குப் போகல" என்று சொல்லிவிட்டேன்.

கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் என் தோளைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். கட்டு ஏதும் இல்லை.

"நெசமாச் சொல்லு. எவனாச்சும் இருக்கானா?"

"இல்ல மாமா."

"கோச்சு ஏதும் வைஞ்சுபுட்டாகளா?"

"இல்ல."

"கடைசிப் போட்டியில தோத்துட்டியா?"

"இல்ல மாமா. என் வாழ்க்கையிலேயே நான் நல்லா நீந்துன போட்டி அதுதான்."

மாமா டீக்கடைப் பக்கம் திரும்பி, "இதுக்கு ரெண்டு டீ வேணும்ப்பா" என்றார். குடித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் சொல்லணும்."

"நல்லா இருக்கு" என்று வண்டியைக் கிளப்பினார்.

பழனி சாலையில் காலைக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அந்தக் காற்றுகூட உறைக்கவில்லை. அப்பாவிடம் என்னவென்று சொல்வது? மனதில் ஓடியது அது ஒன்றுதான். அடிபட்டிருந்தால் சொல்லலாம். தோற்றிருந்தால் சொல்லலாம். காரணமே இல்லாமல் ஒன்றை நிறுத்துவதை எங்கள் ஊரில் எப்படிச் சொல்வது?

விமானம் பறக்கும் பேனர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் சம்பங்கியும் கத்தரியும் போடுகிறவர்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் சான்றிதழ்களைச் சொல்லும்போது வருகிற பெருமையோடுதான் இதையும் சொல்கிறேன்.

முருகன் மாமாவுக்கு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் வேலை. நான் மாவட்ட அளவில் ஜெயித்தாலும் சரி, மாநில அளவில் மூன்றாவதாக வந்தாலும் சரி, அடுத்த நாள் பேருந்து நிறுத்தத்தில் என் முகம் தொங்கும். நீச்சல் கண்ணாடியோடு நான். எனக்குப் பின்னால் தேசியக் கொடி. அதற்கும் மேலே ஒரு விமானம். "விமானம் எதுக்கு மாமா? நான் மதுரைக்குப் பஸ்ஸுலதான போனேன்?" என்று ஒருமுறை கேட்டேன். "பின்னால போவேல்ல, இப்பவே போட்டு வச்சிருவோம்" என்றார்.

அப்பா அந்த பேனரின் முன்னால் நின்று, தெரிந்தவர்களிடம் விரல் வைத்துக் காட்டுவார். "இது புள்ள பேரு. இது ஊரு. இது நம்ம பேரு." எழுத்து தெரியாது. எந்த இடத்தில் எது இருக்கும் என்று தெரியும். மாமா ஒருமுறை வடிவத்தை மாற்றிவிட்டார். அப்பா பேனர் உபயதாரரின் பெயரைத் தொட்டு, "இதுதான் நம்ம செல்வி பேரு" என்று ஒருவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை.

பழைய பேனர்கள் வீணாவதில்லை. ஆட்டுக்கொட்டகைக் கூரையில் என் முகம் மூன்று வயதுகளில் தலைகீழாகக் கிடக்கிறது. மழை பெய்தால் ஒழுகாது.

இப்படி ஒரு மனிதரிடம்தான், "போதும்ப்பா" என்று சொல்லப் போய்க்கொண்டிருந்தேன்.

சுவரில் பாம்பு

நான் நீந்தக் கற்றது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். சதுரக் கிணறு. சுற்றிலும் கருங்கல் கட்டு. சுவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்தான் படி. முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி அப்பா தூக்கிப் போட்டார். கேனை எப்போது அவிழ்த்தார் என்று எனக்கு நினைவில்லை.

மோட்டார் தண்ணீர் எடுக்காமல் இருமினால், அடியில் குழாயின் வாயில் பாசியோ சாக்கோ சிக்கியிருக்கும். மூழ்கிப் போய் அதை இழுத்துவிட வேண்டும். அது என் வேலை. கீழே இருட்டாக, காது அடைக்கக் குளிராக இருக்கும். வாயில் சேற்றின் ருசி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவசரப்படாமல் வேலை செய்ய அங்கேதான் பழகினேன். பின்னாளில் ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் ஒரே மூச்சில் மறுகரை போனதற்கு வேறு ரகசியம் கிடையாது.

ஆனால் அதே கிணறு என் கழுத்தில் ஒரு பழக்கத்தையும் கட்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கிணற்றில் இறங்கும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்லித் தருவது இதுதான்: சுவரை நெருங்கும்போது தலையைத் தூக்கிப் பார், பிறகு கையை வை. கல் இடுக்கில் பாம்பு இருக்கும். தண்ணீர்ப்பாம்பாக இருந்தால் பயமில்லை. மழைக்காலத்தில் விரியன் தவறி விழுந்து, ஏற முடியாமல் இடுக்கில் சுருண்டு கிடக்கும்.

சென்னை விளையாட்டு விடுதிக்குப் போன புதிதில் பந்தயம் முழுக்க முன்னால் வருவேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பக்கத்து லேன் பெண் தொட்டுவிடுவாள். எப்போதும் ஒரு கையளவில் தோற்பேன். எங்கள் பயிற்சியாளர் ரேச்சல் மேடம் வீடியோ எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"கடைசியில தலையத் தூக்கி என்ன பாக்குற செல்வி? நேரத்தையா?"

"பாம்பு இருக்கான்னு மேடம்."

அவர் குதிக்கும் மேடையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து அழைத்துப்போய், நீலநிற டைல்ஸ் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கச் சொன்னார். "எங்க இருக்கு இடுக்கு? காட்டு." இடுக்கு இல்லை. வழவழவென்றுதான் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. என் கழுத்துக்குத் தெரியவில்லை.

அதற்குத் தெரிய வைப்பதற்கே வருடக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு காலையும் கண்ணை மூடிக்கொண்டு சுவரை நோக்கிப் பாய்வதுதான் பயிற்சி. விரல்கள் மடங்கும், நகம் பெயரும். விடுதிப் பெண்கள் என்னைப் 'பாம்பு செல்வி' என்றே கூப்பிட்டார்கள். இரண்டு செல்விகள் இருந்ததால் அது வசதியாகவும் போய்விட்டது.

ஒன்னி சொன்னது

பெங்களூரில் ஒரு முகாம். அதற்குக் கொரியாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஐம்பது மீட்டரும் நூறு மீட்டரும் தன் நாட்டுக்காகப் பல வருடம் நீந்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்காமல் பெயரை எழுதுவது முறையல்ல. கொரியத் தொடர்கள் பார்க்கும் எங்கள் விடுதிப் பெண்கள் அக்காவுக்கு அங்கே என்ன சொல்வார்கள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அதனால் அவர் எங்களுக்கு 'ஒன்னி' ஆனார்.

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவுக்கு மோசம். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் தட்டில் சாம்பார் சாதமும் ஊறுகாயும். ஊறுகாயை மட்டும் மூன்றுமுறை போட்டுக்கொண்டார்.

ஆஸ்துமா இருந்ததால் சின்ன வயதில் அவர் அம்மா நீச்சலில் சேர்த்தாராம். பத்து வயதுக்குள் பள்ளியில் எல்லோரையும் முந்தினார். வீட்டை விட்டுத் தேசிய அணியின் விடுதிக்குப் போனார். உறைபனிக் காலையில் தலைமுடி ஈரத்தோடு வெளியே வந்தால் முடி குச்சி மாதிரி விறைத்துப்போகும் என்று தன் முடியை இழுத்துக் காட்டினார். ஒரு பெரிய போட்டியில் நகம் அளவு வித்தியாசத்தில் இறுதிச் சுற்றை இழந்து, அந்த வருடம் முழுவதும் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு பதக்கமும் வந்தது. அதைச் சொல்லும்போது நகத்தைப் பற்றிச் சொன்னதைவிடக் குறைவான நேரமே எடுத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்தினீங்க? அடிபட்டதா?" என்று கேட்டேன். பாருங்கள், நானும் மாமா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

அவர் தட்டைச் சுட்டிக் காட்டினார். வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நிறைஞ்சிருச்சு" என்பதை அவருடைய நான்கு ஆங்கிலச் சொற்களில் சொன்னார்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"தூங்கினேன்" என்றார். "முடி வளர்த்தேன். மறுபடி தூங்கினேன்." இப்போது தன் தம்பியின் மூக்குக் கண்ணாடிக் கடையைப் பார்த்துக்கொள்கிறாராம். யாராவது கூப்பிட்டால் வருடத்தில் ஒரு முகாமுக்குப் போவாராம். கடையைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் பிரகாசமாக இருந்தது. யாருக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று எங்கள் மேசையில் இருந்த எல்லோருக்கும் சொன்னார். எனக்கு வட்டமாம்.

அன்று இரவு நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் நினைத்தேன்.

சுவரில் கை

கடைசிப் போட்டி வட இந்திய நகரம் ஒன்றில். தேசிய இறுதிச் சுற்று. எனக்கு ஓரத்து லேன். தொடக்க ஒலி கேட்டது, குதித்தேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது சத்தமில்லாமைதான். பாதி தூரத்தில் தண்ணீர் கனமே இல்லாமல் இருந்தது.

சுவர் வந்தது. பார்க்கவில்லை. தலை உள்ளேயே இருந்தது. கை போய் மோதிய வேகத்தில் தோள்வரை அதிர்ந்தது.

பலகையில் ஐந்தாவது இடம் என்று போட்டார்கள். நேரம், அதுவரை நான் நீந்தியதிலேயே குறைவு. ரேச்சல் மேடம் ஓடிவந்து, "தலையே தூக்கலடீ. இன்னும் ரெண்டு வருஷம், மெடல் நிச்சயம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

நான் லேன் கயிற்றில் கையைப் போட்டுக்கொண்டு மிதந்தேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்துப் பார்த்தேன். விடியும் முன் அலாரம், குளோரின் வாசம், எடை பார்த்துத் தின்னும் முட்டை. அவற்றின் மேல் கோபம் வரவில்லை. ஆசையும் வரவில்லை. விருந்தில் நன்றாகச் சாப்பிட்டு முடித்தவளின் இலையில் யாரோ மறுபடி சோற்றைத் தள்ள வருவது மாதிரி இருந்தது. இலையை மடிக்கலாம் என்று தோன்றியது. தோன்றிய அந்த நிமிடமே உடம்பு லேசாகிவிட்டது.

மேடத்திடம் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். "ஒரு மாசம் லீவு எடுத்துட்டு யோசி" என்றார். ஒரு மாதம் எடுத்தேன். அதே பதிலைச் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. "சரி போ" என்றார்.

கிணற்றடி

வண்டி தோட்டத்தில் நின்றபோது அப்பாவும் அம்மாவும் சம்பங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் எடுத்தால்தான் மொட்டுக்கு விலை. அப்பா மடியில் பூவோடு நிமிர்ந்தார்.

"வா தாயி. தண்ணி நல்லாக் கெடக்கு. போயி ஒரு முங்கு முங்கிட்டு வா."

ஒவ்வொரு விடுமுறைக்கும் இதுதான் அவர் வரவேற்பு. எவ்வளவு அசந்து வந்தாலும் நான் உடனே இறங்கிவிடுவேன். அவர் கிணற்று மேட்டில் நின்று, முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அன்றும் மேட்டுக்கு வந்து நின்றார். எட்டிப் பார்த்தேன். மேல் படிவரை பச்சைத் தண்ணீர்.

நான் இறங்கவில்லை. "அப்பா, நான் இனிமே போட்டிக்குப் போகல. விட்டுட்டேன்."

மாமா இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கை கால்ல ஏதும்…"

"நல்லாருக்குப்பா."

"யாரும் ஏதும் சொன்னாகளா?"

"இல்லப்பா. போதும்னு தோணிருச்சு. நல்லாச் சாப்பிட்டு எந்திரிச்ச மாதிரி இருக்கு."

அப்பா மடியிலிருந்த பூவைப் பார்த்தார். கத்தரிச் செடிகளைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"அப்ப இனிமே லீவுக்கு வந்தா கெணத்துல நீந்த மாட்டியா?"

"ஆசையா இருந்தா நீந்துவேன். கட்டாயமில்ல."

"அப்ப…" என்று தொண்டையைச் செருமினார். "தண்ணிய எறச்சுக்கிறலாமா?"

அம்மா பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏத்தா, நீ வாரேன்னு போன் போட்டன்னைக்கே இவுக மோட்டார நிப்பாட்டிருவாக" என்றார் அம்மா. "கெணத்துல தண்ணி ஊறி நிக்கணுமாம், புள்ள நீந்தணுமாம். கத்திரி வாடும். சம்பங்கி தலையத் தொங்கப் போடும். கேட்டா, 'செத்த நாளு பொறு'ம்பாக. அந்தா பாரு, வாடிக் கெடக்குறத."

பார்த்தேன். கத்தரி இலைகள் சுருண்டிருந்தன. சமீப வருடங்களில் எங்கள் கிணறு எப்போதும் மேல் படிவரை நிறைந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் வரும்போதெல்லாம் அப்படித்தானே இருந்தது.

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ சென்னையில பெரிய குளத்துல நீந்துறவ. இங்க வந்து தண்ணி பத்தலன்னு போயிட்டா?"

"நான் இங்க தூங்கத்தாம்ப்பா வந்தேன். நீங்க மேட்டுல வந்து நிக்கிறதப் பாத்துத்தான் எறங்குனேன்."

"நீ எறங்குறேன்னுதான நான் நின்னேன்? எனக்குப் பூவெடுக்குற வேலை கெடக்கு."

"நல்ல குடும்பம்டா சாமி" என்றார் மாமா. "ஒருத்தரு மொகத்துக்கு ஒருத்தரு இம்புட்டு வருசம் கெணத்தக் காவக் காத்திருக்கீக."

அப்பா சிரித்தார். வெயிலில் கறுத்த அந்த முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை. என் பந்தயங்களை யாராவது போனில் காட்டினால் அவர் பார்க்காமல் வெளியே போய்விடுவார் என்று அம்மா அன்றுதான் சொன்னார். "தண்ணிக்குள்ள தல போனா, மேல வாரமுட்டும் எனக்கு மூச்சு வராது" என்றார் அப்பா, நிலத்தைப் பார்த்துக்கொண்டே. "நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

மும்முனைக் கரண்ட் வந்ததும் அவரே போய் மோட்டாரைப் போட்டார். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் திரும்பி, கத்தரிப் பாத்திக்குள் நுரையோடு போனது. அப்பா மண்வெட்டியோடு அதன் பின்னாலேயே ஓடினார், தாமதமாக வந்த விருந்தாளியைக் கவனிப்பது மாதிரி. நான் சட்டையை நனைக்காமல் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, ஒவ்வொரு படியாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டேன்.

முதல் மணி

மாமாவுக்கு மட்டும் ஒரு கவலை மிச்சமிருந்தது. சாப்பிடும்போது கேட்டார். "ஓய்வுன்னா ஃப்ளெக்ஸுல என்ன போட்டோ போடுறது? கண்ணாடி போட்டா, போடாமலா?"

"ஒண்ணும் வைக்க வேணாம் மாமா."

"ஊருல கேப்பாகள்ல, ஏன் நின்னுட்டான்னு? காரணம் வேணும்ல?"

"படிக்கப் போறான்னு சொல்லு" என்றார் அம்மா. அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் அது உண்மை. அதை நான் இன்னும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த இடம். பயிற்சி முடிந்து, குளித்து, ஓடி வருவதற்குள் முதல் பாடவேளை போய்விடும். வருகை கொடுத்துவிடுவார்கள், 'ஆன் டூட்டி' என்று. மூன்று வருடமும் முதல் பாடவேளையில் நடந்த பாடத்தை நான் வகுப்பில் கேட்டதே இல்லை. விடுதி அறையில் தோழிகள் சொல்லித்தான் படித்தேன். அப்படியும் நல்ல மதிப்பெண் எடுத்தேன். யாரும் அதற்கு பேனர் வைக்கவில்லை. நானே ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ரேச்சல் மேடம் கொடுத்த அந்த ஒரு மாத விடுமுறையில் எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு எழுதினேன். திண்டுக்கல் பக்கமே ஒரு கல்லூரி. விளையாட்டுச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைக்கவில்லை. இடம் கிடைத்தது.

"கணக்கா?" என்றார் அப்பா. யோசித்தார். "அதுல மூச்சப் புடிக்க வேணாமே?"

"வேணாம்ப்பா."

"அப்பப் படி."

வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். முடி தோளைத் தொட்டுவிட்டது. விடியும் முன் இன்னும் விழிப்பு வருகிறது. புரண்டு படுத்தால் மறுபடி தூக்கமும் வருகிறது.

இன்று முதல் பாடவேளையில் பேராசிரியை ஒரு தேற்றத்தைப் பலகையில் எழுதிவிட்டு, "யார் வந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார். வகுப்பு குனிந்துகொண்டது. நான் எழுந்து போய், அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, முதல் வரியை எழுதினேன்.